"கேஸ்" என்று நினைத்தோம், பித்தக்கல் என்றார்கள்



லயத்துப் பக்கம் போகும்போதெல்லாம் எமது காதில் அடிக்கடி விழும் ஒரு வார்த்தை "கேஸ்". இராத்திரி சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்சுக்குழியில் பிடிக்கிறதா, அது கேஸ். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே குத்துகிறதா, அதுவும் கேஸ். ஒரு கோப்பை இஞ்சித் தேத்தண்ணி, அதற்கும் கேட்காவிட்டால் கடையில் இரண்டு மாத்திரை. விடியும்போது வலி போய்விடும். நாமும் அதை மறந்துவிட்டுப் பிரட்டுக்களத்துக்குப் போய்விடுவோம்.

அநேகமாக அது கேஸாகவே இருக்கலாம். ஆனால் எப்போதும் அப்படி இல்லை. ஈரலுக்கு அடியில் தொங்கும் பித்தப்பையில் கல் உண்டாகி, அதுவே வருஷக்கணக்காகக் "கேஸ்" என்ற பெயரில் நம்மை ஏமாற்றிக் கொண்டிருக்கலாம். இந்த இதழில் அந்த நோயைப் பற்றியும், அதற்கு எந்த வைத்தியரிடம் போவது, எதைக் கேட்பது, எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது ஓடவேண்டும் என்பதைப் பற்றியும் சொல்ல விரும்புகிறோம்.

ஓர் அக்கா சொன்ன கதை

எமது கூட்டமொன்றுக்கு வந்திருந்த கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் தன் கதையைச் சொன்னார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டதால் நாமும் பெயர் சொல்லவில்லை.

"மூணு வருஷமா கேஸு கேஸுன்னுதாங்க சொல்லிக்கிட்டிருந்தேன். மாசத்துல ஒரு தடவ, ரெண்டு தடவ வரும். வந்திச்சின்னா ராத்திரி முழுக்க உக்கார முடியாது, படுக்க முடியாது. கடைசியில டவுன்ல ஸ்கேன் எடுத்தாங்க. பித்தப்பையில கல்லுன்னு சொல்லி, ஒப்பரேஷனுக்கு நாள் போட்டுத் துண்டு குடுத்தாங்க. அந்த மாசம் கொழுந்து கூடுன மாசம். பெறகு மூத்தவளோட சடங்கு. வலியும் வரல. துண்டு சிங்களத்துல இருந்திச்சி, நாள் எப்பன்னு யாருகிட்டயும் கேக்கல. அலுமாரியில வச்சதோட சரி."

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது. கல் ஒன்று பையிலிருந்து இறங்கிப் பித்தக்குழாயை அடைத்துவிட்டது. அம்புலன்ஸில் ஓர் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் கொண்டுபோனார்கள். குழாய்க் கல்லை முதலில் எடுத்து, பிறகு வயிற்றைக் கீறிப் பித்தப்பையையும் எடுத்தார்கள். அக்கா பிழைத்துக் கொண்டார். ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு பேர் போடவில்லை. கைமாற்று வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை.

"அன்னைக்கே போயிருந்தா ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்திருப்பேங்க" என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. அந்தக் கதை வேறு யார் வீட்டிலும் நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பித்தப்பை என்ன செய்கிறது?

நமது ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. எண்ணெய், கொழுப்பு முதலியவற்றைச் சமிபாடடையச் செய்வதற்கு இது தேவை. நாம் சாப்பிடாத நேரத்தில் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து, இறுக்கி வைத்திருக்கும் சிறிய பைதான் பித்தப்பை. பார்ப்பதற்குச் சின்னப் பேரிக்காய் போல இருக்கும். முப்பது முதல் ஐம்பது மில்லிலீற்றர் வரைதான் பிடிக்கும். நாம் சாப்பிட்டவுடன் பை சுருங்கிப் பித்தநீரைக் குழாய் வழியாகக் குடலுக்குள் விடுகிறது.

பித்தநீரில் கொலஸ்டரோல் கூடினாலோ, பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கினாலோ, அது சிறு சிறு துகளாக உறைந்து காலப்போக்கில் கல்லாகிறது. சிலருக்கு ஒரே பெரிய கல். சிலருக்குக் குறுணி போலப் பல கற்கள். பை சுருங்கும்போது கல் வாசலில் போய் அடைத்துக் கொண்டால்தான் அந்தக் கடும் வலி வருகிறது. கல் தானாக விலகியதும் வலி போய்விடுகிறது. இதனால்தான் "மருந்து குடிச்சேன், சுகமாப் போச்சு" என்று நாம் நம்பிவிடுகிறோம். சுகமாக்கியது மருந்தல்ல, கல் நகர்ந்ததுதான்.

யாருக்கு அதிகம் வரும்? ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பல பிள்ளைகள் பெற்றவர்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்கள், உடல் பருத்தவர்கள், குறுகிய காலத்தில் சடாரென்று மெலிந்தவர்கள், தாய்க்கோ சகோதரிக்கோ கல் இருந்தவர்கள் ஆகியோர் கவனமாக இருக்க வேண்டும். தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கும் சிறு வயதிலேயே வேறு வகைக் கல் வரலாம். காலையில் வெறும் சாயத்தண்ணியோடு மலைக்குப் போய் மத்தியானம் வரை பட்டினி கிடப்பதும் நல்லதல்ல. அந்த நேரம் முழுவதும் பித்தநீர் பையிலேயே தேங்கி நிற்கிறது.

கேஸ் வலியா, கல்லின் வலியா?

கல்லின் வலி நெஞ்சுக்குழியிலோ வலது விலா எலும்புக்குக் கீழேயோ வரும். வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் ஏறும். அநேகமாகச் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகோ, நடுச்சாமத்திலோ தொடங்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல், சில வேளை நாலைந்து மணி நேரம் ஒரே இறுக்கமாக நிற்கும். எப்படித் திரும்பிப் படுத்தாலும் ஆறாது. வாந்தி வரலாம். பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. நெஞ்செரிவு, புளியேப்பம், வயிறு ஊதல் ஆகியவை மட்டும் இருந்தால் அது கல்லாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு முக்கிய விஷயம். நெஞ்சுக்குழி வலி மாரடைப்பாகவும் இருக்கலாம். நீரிழிவு, பிரஷர் உள்ளவர்களும் புகைப்பவர்களும் வியர்வையோடு, மூச்சுத் திணறலோடு இப்படி வலி கண்டால் கேஸா கல்லா என்று ஆராய்ந்து கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

உடனே ஓட வேண்டிய அடையாளங்கள்

கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும், சம்பள நாள் வரட்டும் என்று பார்க்கக் கூடாது.

1. வலி ஐந்தாறு மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் இருப்பது.
2. வலியோடு காய்ச்சல், நடுக்கம்.
3. கண், தோல் மஞ்சளாவது, சிறுநீர் சாயத்தண்ணி நிறமாவது, மலம் வெளுத்துப் போவது.
4. வலி முதுகுக்குப் பாய்ந்து, தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுப்பது.
5. தடுமாற்றமான பேச்சு, மயக்கம், கைகால் சில்லிடுவது.

மஞ்சளும் நடுக்கற் காய்ச்சலும் சேர்ந்தால் பித்தக்குழாய் அடைபட்டுக் கிருமி இரத்தத்தில் ஏறுகிறது என்று அர்த்தம். விடாத வாந்தியும் முதுகு வலியும் சதையி, அதாவது கணையம், வீங்கியிருப்பதைக் காட்டலாம். இரண்டும் உயிரைப் பறிக்கக் கூடியவை. செங்கமாரி என்று சொல்லிக் கீழாநெல்லி குடித்துக் கொண்டு வீட்டில் படுத்திருக்கும் நேரம் இதுவல்ல. நீரிழிவுக்காரருக்கு வலி குறைவாகவும் கிருமி அதிகமாகவும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

1990 என்ற எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் விரிந்த சேவை இது. தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், பிரதான பாதையில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வண்டி ஏற முடியாத பாதையானால் சந்தியில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

முதல் படி: ஸ்கேன்

கல் இருக்கிறதா என்று அறிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். கர்ப்பிணித் தாய்க்கு எடுக்கும் அதே ஸ்கேன்தான். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. பித்தப்பைக்குள் கல் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இதில் தெரிந்துவிடும். ஆனால் குழாய்க்குள் இறங்கிய கல் சில வேளை தெரியாது. அந்தச் சந்தேகம் வந்தால் ஈரலின் இரத்தப் பரிசோதனையும், எம்.ஆர்.சீ.பி. என்ற இன்னொரு ஸ்கேனும் எடுப்பார்கள்.

ஸ்கேனுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு போகவேண்டும். விடிகாலையில் ஒரு கோப்பை பால் தேத்தண்ணி குடித்தாலும் பை சுருங்கிவிடும், கல் தெரியாமல் போகலாம். அதற்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு இரண்டாம் முறையும் போக வேண்டிவரும். நீரிழிவு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்று காலை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள்.

எந்த வைத்தியரிடம் போவது?

"ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டணும்னு சொல்றாங்க, எந்த ஸ்பெஷலிஸ்ட்டுங்க?" என்று பலர் கேட்கிறார்கள். பதில் அவ்வளவு கஷ்டமானதல்ல.

முதலில் தோட்டத்து வைத்திய ஐயாவிடமோ பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டுங்கள். வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, என்ன சாப்பிட்ட பிறகு வந்தது என்று ஒரு கொப்பியில் குறித்துக் கொண்டு போங்கள். படிக்கிற பிள்ளை எழுதித் தரும். "கேஸுக்கு மருந்து குடுங்க" என்று கேட்காதீர்கள். "இந்த வலி திரும்பத் திரும்ப வருது, பித்தப்பையில கல்லான்னு பாக்கணுங்க" என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியம் மூன்று வருஷத்தைச் சுருக்கிவிடும்.

கல் இருப்பதும் அதனால் வலி வருவதும் தெரிந்தால், அடுத்துப் போகவேண்டியது சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு. பித்தப்பையை எடுப்பது பொதுச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் வழக்கமாகச் செய்யும் வேலைதான். இதற்கென்று எல்லோரும் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. நுவரெலியா, நாவலப்பிட்டி, பதுளை, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி ஆகிய இடங்களின் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் உண்டு. கண்டியும் பேராதனையும் அதற்கு மேற்பட்ட வசதியுள்ளவை. அரசாங்க வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

குழாயில் கல் இறங்கியிருந்தால் வேறு ஒரு நிபுணர் வேண்டும். வாய் வழியாகக் குழாய்க் கமரா ஒன்றை விட்டு, பித்தக்குழாயின் வாசலைச் சிறிது வெட்டிக் கல்லை இழுத்தெடுப்பவர் அவர். இதற்கு ஈ.ஆர்.சி.பி. என்று பெயர். இவ்வாறு வாசலை வெட்டும் முறை 1974இல் ஜேர்மனியிலும் ஜப்பானிலும் வெளிவந்தது. அதற்கு முன் குழாய்க் கல்லுக்கு வயிற்றைக் கீறுவதைத் தவிர வழியில்லை. இந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. ஆகையால் உங்களைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றினால் "கைவிட்டுட்டாங்க" என்று பயப்பட வேண்டாம். ஈரல், பித்தக்குழாய் ஆகியவற்றின் சிக்கலான சத்திரசிகிச்சைக்கு றாகமை கொழும்பு வடக்குப் போதனா வைத்தியசாலையில் தனியான பிரிவு இயங்குகிறது. அங்கு அனுப்ப வேண்டுமா என்பதை உங்கள் நிபுணரே தீர்மானிப்பார்.

சிலர் அவசரத்தில் தனியார் இடத்தில் செனல் பண்ணிக் காட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் மாலையில் அங்கே இருக்கும் நிபுணர் பல வேளை பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்பவராகவே இருப்பார். "ஐயா, எங்களுக்கு வசதி இல்ல, கவண்மெண்ட் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கடிதம் தருவீங்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நகையை அடகு வைப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். இலங்கை மருத்துவ சபையில் பதிவில்லாத எவரும் "கல் எடுக்கும் டாக்டர்" என்று சொல்லிக் கொண்டு வந்தால் அவரிடம் போக வேண்டாம்.

ஆராய்ச்சிகள் சொல்வது என்ன?

பித்தப்பையை முதன்முதலில் எடுத்தவர் பெர்லினில் இருந்த கார்ல் லங்கன்புக் என்ற வைத்தியர். 1882 ஜூலை 15ஆம் திகதி, 43 வயதான ஒரு மனிதருக்கு அதைச் செய்தார். கல்லை மட்டும் எடுத்தால் பை மறுபடியும் கல்லை உண்டாக்கும், பையையே எடுக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. அது இன்றும் சரியாகவே இருக்கிறது. 1985இல் ஜேர்மனியின் எரிக் மூஹே என்பவர் வயிற்றைக் கீறாமல் சிறு துவாரங்கள் வழியாக அதே வேலையைச் செய்து காட்டினார். அவருடைய சக வைத்தியர்கள் அப்போது அதை ஏற்கவில்லை. இன்று உலகம் முழுவதும் அதுவே முதல் முறையாக இருக்கிறது.

இப்போது வைத்தியர்கள் ஆராய்வது யாருக்கு, எப்போது செய்வது என்பதைத்தான். அதில் மூன்று ஆராய்ச்சிகள் நமக்கும் உதவும்.

ஒன்று: பித்தப்பை அழற்சி, அதாவது பை வீங்கிச் சீழ் பிடிக்கும் நிலை. 2013இல் வெளிவந்த ஜேர்மன் ஆராய்ச்சியொன்றில் 618 நோயாளர்கள் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த 24 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை. மற்றவர்களுக்கு மருந்து கொடுத்து, ஒரு வாரம் முதல் ஆறு வாரம் வரை கழித்துச் சத்திரசிகிச்சை. உடனே செய்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும், தள்ளிப் போட்டவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கும் சிக்கல்கள் வந்தன. "வீக்கம் வத்தட்டும், பெறகு பாப்போம்" என்பது எப்போதும் நல்லதல்ல என்று இது காட்டியது.

இரண்டு: கல்லினால் கணையம் இலேசாக வீங்கியவர்கள். 2015இல் நெதர்லாந்தில் 264 பேரைப் பார்த்தார்கள். அதே ஆஸ்பத்திரிவாசத்திலேயே பையை எடுத்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான் ஆறு மாதத்துக்குள் மறுபடி கல்லால் ஆபத்து வந்தது. வீட்டுக்குப் போய் நாலு வாரம் போலக் கழித்து வரச் சொன்னவர்களில் அது 17 ஆக இருந்தது. ஆகவே உங்களுக்கு இந்த நிலை வந்தால், டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் முன் "பையை இந்த முறையே எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால், கிட்டிய திகதியொன்றைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்று: சிக்கல் ஒன்றும் இல்லாமல் வலி மட்டும் வந்து போகிறவர்கள். 2023இல் வெளிவந்த பிரித்தானிய ஆராய்ச்சியில் 434 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சத்திரசிகிச்சைக்கும், மற்றவர்களை வலி மருந்தும் உணவு ஆலோசனையும் கொடுத்துக் கவனித்துக் கொள்வதற்கும் விட்டார்கள். 18 மாதத்துக்குப் பிறகு இரு பகுதியினரின் வலியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கவனித்துக் கொண்ட பகுதியினரில் நாலில் ஒருவருக்குத்தான் அதற்குள் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஆகவே இந்த நிலையில் உள்ளவர் நிபுணரோடு பேசி ஆறுதலாக முடிவெடுக்கலாம். ஆனால் காய்ச்சல், மஞ்சள், கணைய வீக்கம் கண்டவருக்கு இந்த மூன்றாவது முடிவு பொருந்தாது. வலி அடிக்கடி வருபவரும் போட்டுக் கொடுத்த நாளைத் தானாக விட்டுவிடக் கூடாது.

இன்னொரு கூட்டமும் உண்டு. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கல் தெரிந்தவர்கள். ஒரு நாளும் வலி வராதவர்கள். இவர்களில் பெரும்பாலானோருக்குச் சாகும்வரை அந்தக் கல் ஒன்றும் செய்யாது. வருஷத்துக்கு நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் வலி தொடங்குகிறது. அவர்களுக்குப் பொதுவாகச் சத்திரசிகிச்சை தேவையில்லை. பயந்து கடன்பட வேண்டாம். மேலே சொன்ன அடையாளங்களை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

கல்லைக் கரைக்க முடியாதா?

இதுதான் எம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. சிறுநீரகக் கல்லையும் பித்தக்கல்லையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். சிறுநீரகக் கல்லுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், சிறிய கல் சிறுநீரோடு போய்விடும். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் எல்லாம் அந்தக் கல்லுக்கென்று நம் மூத்தவர்கள் சொன்னவை. பித்தக்கல் இருப்பது வேறு பையில், வேறு குழாயில். தண்ணீர் குடித்து அதை வெளியேற்ற முடியாது.

ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ச் சாறும் குடித்தால் பச்சைக் கல் வெளியே வரும் என்று சிலர் சொல்கிறார்கள். வருவது கல்லல்ல. குடித்த எண்ணெயே குடலில் கட்டியாகி வருகிறது. அவற்றைப் பரிசோதித்த வைத்தியர்கள் 2005இல் இதை எழுதியிருக்கிறார்கள்.

உண்மையாகவே கரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு. ஊர்சோடியொக்சிகோலிக் அமிலம் என்று பெயர். ஆனால் சிறிய கொலஸ்டரோல் கல்லுக்கு மட்டும், பை நன்றாக வேலை செய்தால் மட்டும் கேட்கும். ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை விடாமல் குடிக்க வேண்டும். நிறுத்திய பிறகு ஐந்து வருஷத்துக்குள் பாதிப் பேருக்கு மறுபடியும் கல் வருகிறது. ஆகவே சத்திரசிகிச்சை செய்ய முடியாத சிலருக்கே இதைக் கொடுக்கிறார்கள்.

சத்திரசிகிச்சையும் பிறகும்

துவார முறையில் வயிற்றில் நாலு சிறு துளைகள் போடுவார்கள். அநேகமாக ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வரலாம். ஒன்றிரண்டு வாரத்தில் இலேசான வேலை செய்யலாம். கீறிச் செய்தால் நாலு முதல் ஆறு வாரம் ஆறுதல் வேண்டும். துவார முறையில் தொடங்கிவிட்டு, உள்ளே ஒட்டிப் போயிருந்தால் கீறும் முறைக்கு மாறலாம். அது தவறல்ல, உங்கள் பாதுகாப்புக்காகவே. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தக்குழாயில் காயம் படலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், மஞ்சள், கூடிக் கொண்டே போகும் வலி இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

"பையை எடுத்துட்டா எப்படிச் சாப்பிடுறது?" என்று பயப்பட வேண்டாம். ஈரல் தொடர்ந்து பித்தநீரைச் சுரக்கும். அது நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குச் சில வாரம் வயிறு இளகும், பிறகு சரியாகும். வழமையான சோறும் ரொட்டியும் சாப்பிடலாம். எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் மெல்ல மெல்லத் தொடங்குங்கள்.

நமது வேலை மேசை வேலையல்ல. செங்குத்தான மலையில் ஏறி, கொழுந்துப் பாரத்தைத் தலையிலும் முதுகிலும் சுமக்கும் வேலை. வைத்தியருக்கு அது தெரியாமல் இருக்கலாம். "நான் பாரம் சுமக்கிறவ. எப்ப மலைக்குப் போகலாம்?" என்று கேட்டு, அதை வைத்தியச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தோட்ட அலுவலகத்தில் அதைக் கொடுத்து இலேசான வேலை கேளுங்கள்.

மறக்கக்கூடாத இரண்டு விஷயங்கள். ஈ.ஆர்.சி.பி. செய்யும்போது சிலருக்குக் குழாயில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைப்பார்கள். அதை வைத்தியர் சொன்ன திகதியில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். சாதாரணமாக மூன்று மாதத்துக்குள். மறந்துவிட்டால் அது அடைத்து, பழைய ஆபத்து திரும்பி வரும். மற்றது, எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பினால் அந்த அறிக்கையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். மிகச் சிலருக்கு அதில் புற்றுநோய் தெரியவரும். அறிக்கை கிளினிக்கில் கிடந்தால் யாருக்கும் பயனில்லை.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

1. கல் பையில் மட்டுமா, குழாயிலும் இருக்கிறதா?
2. எனக்குச் சத்திரசிகிச்சை தேவையா? பொறுத்திருந்தால் என்ன ஆகும்?
3. துவார முறையா, கீறும் முறையா?
4. எந்தத் திகதி? திகதி தள்ளிப் போனால் யாரிடம் கேட்பது?
5. எப்போது பாரம் தூக்கலாம்?
6. ஸ்டென்ட் வைத்தீர்களா? எப்போது எடுக்க வேண்டும்?

துண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், கொடுப்பவரிடமே திகதியைத் தமிழில் சொல்லக் கேட்டுக் கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச மொழி. விளங்காத பத்திரத்தில் கைநாட்டு வைக்க வேண்டாம், விளங்கிய பிறகு வையுங்கள். வார்த்தை வராதவர்கள் சிங்களம் பேசும் மகனையோ மகளையோ கூட்டிச் செல்லுங்கள். ஸ்கேன் அறிக்கை, இரத்தப் பரிசோதனை, டயக்னோசிஸ் காட் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள்.

வீட்டுத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. வலியைப் பொறுத்துக் கொள்வது நம் தாய்மாருக்குப் பழகிப்போன ஒன்று. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். இராத்திரி விலாவைப் பிடித்துக் கொண்டு சுவரோரம் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், அடுத்த கிளினிக் நாளில் நீங்களே கூட்டிக் கொண்டு போங்கள். ஏற்கனவே ஸ்கேன் எடுத்து நாள் போட்டுக் கொடுத்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் அலுமாரியைத் திறந்து அந்தத் துண்டைத் தேடுங்கள். நாள் கடந்திருந்தாலும் அதைக் கொண்டு அதே கிளினிக்குக்குப் போய்ப் புது நாள் கேளுங்கள்.

அந்த அக்கா இப்போது மறுபடியும் மலைக்குப் போகிறார். அடுத்த வீட்டில் யாராவது "கேஸ்" என்று சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதானாம்: "ஸ்கேன் எடுத்துப் பாத்தீங்களா?"